நானூற்றுத் தொண்ணூற்றாறு சிசி மாப்பிள்ளை அழைப்பு

செங்கல்வராயனின் மோட்டார் சைக்கிளை யாராவது ‘ஐந்நூறு சிசி வண்டி’ என்று சொன்னால், அவர் அங்கேயே நின்று திருத்துவார். சிலிண்டரின் உள்விட்டம் எண்பத்திரண்டு மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும் தூரம் தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் நானூற்றுத் தொண்ணூற்றாறுதான் வரும்.

“மிச்ச நாலு சிசிய நான் இன்னா, சொக்காப் பையிலயா வெச்சிகினு கீறேன்?” என்று கேட்பார்.

அவர் வேலை அப்படி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாகப் பரிசோதகர். வெளியிலிருந்து வரும் சிலிண்டர் ஹெட்டுகளை, அதாவது சிலிண்டரின் மேல் உட்காரும் தலைப்பகுதிகளை, ஒவ்வொன்றாக எடுத்து, வால்வு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு. குறை இருந்தால் சிவப்புச் சீட்டை நூலில் கோத்துக் கட்டிவிடுவார். சிவப்புச் சீட்டு கட்டிய பொருளை முதலாளியே வந்தாலும் நகர்த்தக் கூடாது. அதுதான் சட்டம்.

இந்தச் சட்டம் நூம்பலில் இருக்கும் அவர் வீட்டுக்கும் பொருந்தும். ஒருமுறை அவர் மனைவி கண்ணம்மா புதுக் குக்கர் வாங்கி வந்தார். மூடி அரை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று அதன் கைப்பிடியில் சிவப்புச் சீட்டு கட்டினார் செங்கல்வராயன். கண்ணம்மா சீட்டைக் கழற்றவும் இல்லை, குக்கரைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. நாலு வருடமாகச் சீட்டோடு சேர்த்தே சாம்பார் வைக்கிறார்.

வண்டி அவருக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்காக இங்கிலாந்தில் செய்த ராணுவ வண்டி அது. போர் முடிந்து ஏலத்தில் விற்றபோது, நூம்பலில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரிய வீட்டுக்காரர் அதை வாங்கி வந்தார். செங்கல்வராயனின் அப்பா துலுக்கானம் அந்த வீட்டில் கூலி வேலை செய்தவர். தினமும் காலையில் வண்டியை உதைத்துக் கிளப்பித் தருவது அவருடைய பொறுப்பு. அவர் கிளப்பித் தருவார். பெரிய வீட்டுக்காரர் ஏறிப் பெரிய தெரு வழியாகப் போவார். பதினோரு வருடம் உதைத்த துலுக்கானம் ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார விட மாட்டார்கள். தெருவில் நின்று பார்க்கலாம். எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

பிறகு நிலமெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஆனது. பெரிய வீட்டையும் விற்றுவிட்டு வெளிநாடு கிளம்பிய பேரன், பம்ப்செட் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியைச் செங்கல்வராயனுக்குக் காட்டி, “எடுத்துக்குங்க, இல்லாட்டி இரும்புக் கடைக்குப் போகும்” என்றான். காகிதங்களையும் மாற்றிக் கொடுத்தான். துலுக்கானம் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

சென்ற வருடம் செங்கல்வராயனின் மகள் காவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சரண், தூத்துக்குடிப் பக்கம். ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட்டில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சீர், சாப்பாடு, மண்டபம் எதிலும் செங்கல்வராயன் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மாப்ள அழைப்பு அந்த வண்டிலதான் நடக்கணும். எங்கப்பன் உதைச்ச வண்டி. எங்க ஊட்டு மாப்ள அதுல ஏறி, பெரிய தெரு வழியா மண்டபத்துக்குப் போவணும். தெருவே பாக்கணும். எனக்கு அவ்ளோதான்.”

“சூப்பர் மாமா!” என்றார் சரண்.

சரணின் அம்மா மட்டும், “அது ஓடுமாங்க?” என்று கேட்டார். ஓடும் என்றார் செங்கல்வராயன். சரணின் அம்மா தலையாட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வெள்ளைக் காரையும் பூ அலங்காரத்தோடு பேசி வைத்தார்.

அப்போது வண்டி ஓடவில்லை. ஓடி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வேலப்பன்சாவடி சர்வீஸ் ரோட்டில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் மனோகரன் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். செங்கல்வராயனின் இருபது வருட சிநேகிதர். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, பத்து நாள் காத்திருந்து, மரக்கட்டை வைத்துத் தட்டி விடுவித்தார். கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருந்தபோது ஹெட்டைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, சிலிண்டரைத் துணி போட்டு மூடிவிட்டு, எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனார்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி முடிந்து செங்கல்வராயன் வந்தார். கையில் ஒரு நோட்டு. வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் வரிசை எண் போட்டு அதில் எழுதிக்கொண்டிருந்தார். பெஞ்சின் மேல் இருந்த ஹெட்டைப் புரட்டிப் பார்த்தார்.

வால்வு இல்லை. ஸ்பிரிங் இல்லை. வால்வு இருந்ததற்கான ஓட்டைகூட இல்லை. ஸ்பார்க் பிளக் மாட்டும் துளை ஒன்றைத் தவிர வழவழவென்று இருந்தது.

இருபத்தாறு வருடத்தில் அவர் லட்சம் ஹெட்டுகள் பார்த்திருப்பார். வால்வு இல்லாத ஹெட் ஒன்றுகூடக் கிடையாது. துணியை விலக்கிச் சிலிண்டரின் மேல்பரப்பையும் பார்த்தார். பிஸ்டன் துளைக்குப் பக்கத்தில் கரி படிந்த இரண்டு வட்டத் தகடுகள் இருந்தன. அதையும் விடாமல் நோட்டில் எழுதினார்: ‘வரிசை எண் 31. வட்ட அடைப்புத் தகடு, கரி பிடித்தது, எண்ணிக்கை 2. எதற்கென்று தெரியவில்லை.’

பிறகு பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்தார். ஹெட்டில் கட்டவில்லை. கடையின் ஷட்டர் கைப்பிடியில் கட்டினார். ‘மனோகரன் கடை. வால்வு இரண்டு, ஸ்பிரிங் இரண்டு குறைவு. ஏற்கப்படவில்லை.’ கீழே கையெழுத்து, தேதி.

டீ குடித்துவிட்டு வந்த மனோகரன் முதலில் சிரித்தார்.

“இன்னா அண்ணாத்தே, கடைக்குத் தாயத்து கட்டிகீற?”

“வால்வு ரெண்டும் எங்க?”

“எந்த வால்வு?”

“ஹெட்ல இருந்த வால்வு. கழட்டினது மட்டும் இல்லாம, ஓட்டையையும் அடைச்சிப் பாலிஷ் போட்டு வெச்சிகீற. கை வேலை சோக்கா கீது. அத்த ஒத்துக்கறேன்.”

மனோகரன் ஹெட்டைப் பார்த்தார். செங்கல்வராயனைப் பார்த்தார். விளக்கம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் டீக்கடையில் நின்றிருந்த நாலு பேர் வந்து சீட்டை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மனோகரனின் முகம் மாறிவிட்டது.

“இருவது வருசமா இந்த ரோட்டுல கடை போட்டுகீறேன். ஒரு வாஷர் திருடினேன்னு எவனும் சொன்னதில்ல. நீ சீட்டே எழுதிக் கட்டிட்ட. சரி நைனா. வால்வு காணோம்ல? போய்த் தேடு. தேடி எடுத்துகினு வா, மாட்டித் தரேன். அதுவரிக்கும் இந்த வண்டி மேல என் நெகம்கூடப் படாது.”

“தேடறேன்யா. நான் தேடாத வால்வா?”

“தேடு, தேடு. நல்லாத் தேடு.”

செங்கல்வராயன் ஹெட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார். நாலு நாள் தேடினார். ஆவடியில் தேடினார், பாடியில் தேடினார். வீட்டில் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த கண்ணம்மா, “பொண்ணுக்கு நகை வாங்கணும்யா, நீ இன்னான்னா வால்வு வாங்கக் கெளம்பிட்ட” என்றார். ஐந்தாம் நாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் புதுப்பேட்டைக்குப் போனார். பழைய வண்டிச் சாமான்களுக்கு அங்கேதான் போக வேண்டும். முதல் நாலு கடைக்காரர்கள் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் இல்லை என்றார்கள். ஐந்தாவது கடையில் சபீனா என்ற இளம்பெண் இருந்தார். கியர் சக்கரங்களை வெங்காயம் போலக் குவித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர், ஹெட்டை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு இன்னா வேணும் நைனா?”

“வால்வு. ரெண்டு. திருடிட்டாங்க.”

“இதுலேர்ந்தா?”

“ஆமா.”

சபீனா உள்ளே திரும்பி, “வாப்பா, மூடிலேர்ந்து வால்வு திருடிட்டாங்களாம்!” என்று சத்தமாகச் சொன்னார். உள்ளே யாரோ இருமும் வரை சிரித்தார்கள்.

“இது மூடி நைனா. வெறும் மூடி. டிபன் பாக்ஸுக்கு மூடி மாதிரி. இது சைடு வால்வு இன்ஜின். வால்வு தலைல இருக்காது, பக்கத்துல இருக்கும். பிஸ்டனுக்குப் பக்கத்துல தட்டு மாதிரி ரெண்டு இல்ல?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாம் எழுதி வெச்சிகீறேன்.” நோட்டை நீட்டினார்.

சபீனா விரலை ஓட்டிக்கொண்டே வந்து முப்பத்தொன்றில் நிறுத்தினார். “‘எதற்கென்று தெரியவில்லை.’ ஏன் நைனா, தெரியலன்னா கேக்கறதுதானே?”

செங்கல்வராயன் நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அவருடைய சொந்தக் கையெழுத்து.

விஷயம் இதுதான். பிளஸ் டூ முடித்துவிட்டு எதிலும் சேராமல் மனோகரன் கடையில் சுற்றிக்கொண்டிருப்பதால் எனக்கு இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் இருந்தது. இப்போதைய வண்டிகளில் வால்வுகள் பிஸ்டனுக்கு நேர் மேலே, ஹெட்டில் தலைகீழாகத் தொங்கும். சைடு வால்வு இன்ஜினில் அவை சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கும், வீட்டுக்குப் பக்கத்தில் போட்ட சார்ப்பு மாதிரி. பெட்ரோலும் காற்றும் பக்கத்திலிருந்து ஏறி உள்ளே வரும். எரிந்த புகை பக்கத்திலேயே இறங்கி வெளியே போகும். செய்வது சுலபம், கெடுவது குறைவு. ஆனால் மூடிக்குக் கீழே இடம் அகலமாகிவிடுவதால் கலவையை இறுக்கி அழுத்த முடியாது. இன்றைய வண்டி பத்தில் ஒரு பங்காக அழுத்தும். இது ஐந்தில் ஒரு பங்கு. அதனால் அவ்வளவு பெரிய இன்ஜினுக்குப் பதின்மூன்று குதிரைத் திறன்தான். காய்கறிப் பையோடு போகிற நூற்றுப்பத்து சிசி ஸ்கூட்டருக்கே எட்டு இருக்கிறது. இன்னொரு குறையும் உண்டு. எரிந்த சூடான புகை சிலிண்டரின் இரும்போடு ஒட்டியே இறங்குவதால், அந்தப் பக்கம் மட்டும் அதிகமாகச் சூடேறும். அந்தக் குறையைப் பற்றி அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை செங்கல்வராயன் மனோகரன் கடைக்கு வந்தார். அவர் கம்பெனியில் மூன்றாவதாக ஒரு சீட்டு உண்டு. மஞ்சள். தப்பாகச் சிவப்புச் சீட்டு கட்டிய பரிசோதகர் அதை எழுதிக் கொடுத்துத்தான் சிவப்பைக் கழற்ற முடியும். இருபத்தாறு வருடத்தில் அவர் அதை எழுதியதே இல்லை. சிவப்புச் சீட்டு ஷட்டரில் அப்படியே இருந்தது. மனோகரன் வேண்டுமென்றே கழற்றாமல் வைத்திருந்தார்.

செங்கல்வராயன் மஞ்சள் சீட்டை நீட்டினார்.

“கண்ணு தெரியல. நீயே படி” என்றார் மனோகரன். “டீக்கடைக்குக் கேக்கற மாதிரி படி.”

செங்கல்வராயன் படித்தார். “பொருள்: மனோகரன். குறை: இல்லை. பரிசோதகர் பிழை: ஹெட்டில் இல்லாததை ஹெட்டில் தேடியது. சிவப்புச் சீட்டு திரும்பப் பெறப்படுகிறது.”

“நான் பொருளா?”

“அந்தக் கட்டத்துல ஆளுன்னு எழுத எடம் இல்ல.”

டீக்கடையில் யாரோ விசிலடித்தார்கள். மனோகரன் மஞ்சள் சீட்டை வாங்கி, சிவப்பு இருந்த இடத்தில் தானே கட்டினார். “அண்ணாத்தே, ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல? அஞ்சு நாள் போச்சு. வா, புடி இந்த ஸ்பேனர.”

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வால்வைத் தேய்த்து உட்கார வைத்தார்கள். மின்பொறி தரும் மேக்னெட்டோவுக்குப் புதிதாகக் கம்பி சுற்றினார்கள். வேலை தொடங்கிய எட்டாம் நாள் மாலை கிளப்பிப் பார்த்தார்கள். அந்த வண்டியைக் கிளப்புவது ஒரு சடங்கு. பெட்ரோல் குழாயைத் திற, கார்பரேட்டரை விரலால் அமுக்கி வழிய விடு, இடது கையில் இருக்கும் சின்ன நெம்புகோலால் மின்பொறி கொஞ்சம் பிந்தி விழும்படி வை, இன்னொரு நெம்புகோலால் வால்வைத் தூக்கிப் பிடி, அப்புறம் உதை. பொறியைப் பிந்த வைக்க மறந்தால் வண்டி நம்மைத் திருப்பி உதைக்கும். செங்கல்வராயன் ஒரு தடவை மறந்தார். மூன்று நாள் நொண்டினார்.

ஆனால் கிளம்பியது. தொப், தொப், தொப் என்று, அரிசி மூட்டை ஒவ்வொன்றாகப் படியில் உருள்வது போல ஒரு சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முடிந்து, ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. மண்டபம் முக்கால் கிலோமீட்டர். நடுவில் பெரிய தெரு முழுவதும். முன்னால் பேண்டு செட், நடுவில் வண்டி, பின்னால் ஆரத்தித் தட்டுகளோடு பெண்கள், கடைசியில் பூ கட்டிய வெள்ளைக் கார். செங்கல்வராயன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார். பின்னால் தனி இருக்கையில் ஷெர்வானியும் மாலையுமாகச் சரண். மனோகரன் ஈரச் சாக்கோடு பக்கத்தில் நடந்தார்.

மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் எப்படிப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். நாலு அடி நடப்பார்கள், நின்று ஆடுவார்கள், மறுபடி நாலு அடி. ரேஷன் கடையைத் தாண்டுவதற்குள் பத்து நிமிடம் ஆனது. இரும்பு காயும் வாடை வந்தது. மனோகரன் சிலிண்டருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“அண்ணாத்தே, ஒரு பக்கம் தோசைக்கல்லா கீது. நிறுத்து.”

“நிறுத்தினா இந்தச் சூட்டுல மறுபடி கெளம்பாது. நீதானே சொன்ன?”

“நிறுத்தலன்னா பிஸ்டன் புடிச்சிக்கும்.”

பின்னாலிருந்து சரணின் அம்மா விசாரித்துக்கொண்டே முன்னால் வந்துகொண்டிருந்தார். வெள்ளைக் காரின் டிரைவர் கதவைத் திறந்து, இறங்கி, மாப்பிள்ளை உட்காரும் இருக்கையைத் துடைத்தே விட்டார். செங்கல்வராயன் அதைக் கண்ணாடியில் பார்த்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய தெரு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

“வேற வழியே இல்லையா மனோகரா?”

“காத்து வேணும் அதுக்கு. இதுல ஃபேனும் இல்ல, தண்ணியும் இல்ல. ஓடினாத்தான் காத்து. நடக்கறதுக்குச் செஞ்ச வண்டியா இது?”

“அப்போ ஓட்டறேன்.”

“மாப்ளயத் தூக்கிகினு எங்க ஓட்டுவ? ஊர்வலம் இங்க கீது!”

“திரும்பி வருவேன்யா” என்றார் செங்கல்வராயன். “மாப்ள, கெட்டியாப் புடிச்சிக்குங்க.”

பேண்டுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். வண்டி நடுவில் புகுந்து பெரிய தெருவில் போனது. அதற்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங்கே கிடையாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் சரண் இருக்கையை விட்டுக் கிளம்பி, கொஞ்சம் யோசித்து, திரும்பி உட்கார்ந்தார்.

“என் பிள்ளைய எங்க கூட்டிட்டுப் போறாரு?” என்றார் சரணின் அம்மா.

“வந்துடுவாரு சம்பந்தி” என்றார் கண்ணம்மா. “வால்வு தேடப் போனப்பவே ஊட்டுக்குத் திரும்பி வந்தவரு.”

மண்டப வாசல் வரை போய், திரும்பி, ஊர்வலத்துக்கே வந்தார்கள். மனோகரன் கையை வைத்துப் பார்த்து, “ஆறிகீது!” என்று கத்தினார். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று பேண்டுக்காரர்கள் வரவேற்பு மேளத்தை முழங்கினார்கள். வண்டி ஊர்வலத்தை ஒரு சுற்று சுற்றி மறுபடி கிளம்பியது. மறுபடி வந்தது. மறுபடி முழக்கம். மூன்றாவது தடவை பேண்டு மாஸ்டர், “அய்யா, எத்தனை மாப்பிள்ளைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்” என்றார். சரணின் அம்மா முதலில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார், நாலாவது தடவை, “டேய் சரண், தண்ணி குடிக்கிறியாடா?” என்று பாட்டிலை நீட்டினார். ஓடுகிற வண்டியிலிருந்து சரண் அதை வாங்கிக்கொண்டதற்குக் கைதட்டினார்கள்.

பெரிய தெருவில் முதல் சுற்றுக்கு எல்லா வாசலிலும் ஆள் நின்றது. ஃபிளாட் பால்கனிகளிலிருந்து போனில் படம் பிடித்தார்கள். செங்கல்வராயன் நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல் போனார். இரண்டாவது சுற்றிலும் நின்றார்கள். மூன்றாவதில் போன்களை இறக்கிவிட்டார்கள். ஐந்தாவதில் சீரியல் சத்தம் கேட்டது. ஆறாவதில் ஒரு அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஏழாவதில் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் போன ஒருவர், திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஓரமாப் போப்பா!” என்றார். செங்கல்வராயன் ஓரமாகப் போனார்.

எட்டாவது சுற்றில் ஊர்வலமும் மண்டபமும் ஒன்று சேர்ந்தன. ஆரத்தி எடுத்தார்கள். சரண் இறங்கினார், கால் அகன்றது அகன்றபடியே இருந்ததால் இரண்டு பேர் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். செங்கல்வராயன் வால்வு நெம்புகோலை இழுத்தார். தொப், தொப் என்று இரண்டு மூச்சு விட்டு வண்டி நின்றது.

மனோகரன் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டே சொன்னார்: “தெருவே பாக்கணும்னு சொன்னியே அண்ணாத்தே. கடைசில ஒருத்தன்கூடப் பாக்கல.”

“நானும் பாத்தேன்” என்றார் செங்கல்வராயன். “நம்ம வண்டி போவுதுன்னு எவனும் திரும்பல. எங்கப்பன் நின்னு பாத்த தெருவுல, பால்காரன் போற மாதிரி போய்கினு இருந்தோம்.” அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. “சோக்கா இருந்துச்சுய்யா.”